அருங்காட்சியகத்துக்குக் கட்டுச்சோறு

திருத்தணி,
மே மாதம் ஒன்பதாம் தேதி.

சிரஞ்சீவி கணேஷ்ராமுக்கு அப்பா ஸ்ரீகண்டன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. மலைமேல் நிற்பவன் தயவில் நானும் உன் அம்மா ஜம்பகமும் இங்கே சௌக்கியமாக இருக்கிறோம், அவளுடைய முழங்காலைத் தவிர. நீயும் ஸ்ரீவர்ஷினியும் குழந்தை ஷ்யாமும் சௌக்கியமா என்று நான் விசாரிக்கப் போவதில்லை, ஏனென்றால் உன் அம்மா தினமும் சாயங்காலம் தெருவுக்கே கேட்கிற மாதிரி உன்னோடு போனில் பேசுகிறாள், கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் எனக்கு மான்செஸ்டரில் மழை பெய்தது முதல் ஷ்யாமுக்கு முன்பல் விழுந்தது வரை எல்லாம் வந்து சேர்ந்துவிடுகிறது. பதினோரு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்க்கிறாய். இதைப் பார்த்ததும் அப்பா இறங்கி வந்துவிட்டார் என்று உன் பெண்டாட்டியிடம் சொல்லிவிடாதே. ஜூன் மாதம் உன் அம்மாவோடு நானும் வருகிறேன், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். விசாவுக்குக் கையெழுத்துப் போட்டது அவளுடைய பிடிவாதம் பொறுக்க முடியாமல், அப்போது வருகிற எண்ணமே எனக்கு இல்லை. இப்போது வருவது அந்தப் போர் அருங்காட்சியகத்தைப் பார்ப்பதற்காக. அதற்குப் பக்கத்து ஊரில் நீ குடியிருப்பதால் உன் வீட்டில் தங்குகிறேன்.

நீ உன் அம்மாவுக்கு அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். ஏரி, பூந்தோட்டம், பந்து விளையாடும் மைதானம், அங்கே கட்டியிருக்கும் நம் கோவில், கடைசியில் ஒரு வரி, ‘போர் அருங்காட்சியகம், அப்பா வந்தால் மட்டும், அரை நாள் போதும், சக்கர நாற்காலி கிடைக்கும்’ என்று எழுதியிருந்தாய். சக்கர நாற்காலி என்ற வார்த்தையைப் படித்த அன்று நான் சாயங்காலக் காப்பியைக் குடிக்கவில்லை. எழுபத்து மூன்று வயதில் வாரத்துக்கு மூன்று நாள் முந்நூற்று அறுபத்தைந்து படி ஏறி இறங்குகிறவனுக்கு நாற்காலி. யார் சொல்லி எழுதினாய் என்று தெரியவில்லை. உன் அம்மாவாக இருக்கும். அந்தக் கோபத்தில்தான் அப்படி என்ன பெரிய இடம் என்று அவள் போனை வாங்கி, அந்த அருங்காட்சியகத்தின் பக்கத்தைத் திறந்து படிக்க ஆரம்பித்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதை நம் சொந்தக்காரர்களில் ஒருவரும் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தி உன் தாத்தா என்னை மடப்பள்ளியில் விட்டுவிட்டார், ஏலக்காயும் முந்திரியும் மடித்து வருகிற இங்கிலீஷ் பேப்பரை நீவி வைத்து, ஒரு அகராதியை வைத்துக்கொண்டு நானே படித்தது என் இங்கிலீஷ். கல்யாணங்களில் இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் அந்தப் பக்கத்தைப் படிக்கட்டும் பார்க்கலாம். எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று, ஒரு வரி விடவில்லை.

சொல்லத்தான் வேண்டும், அந்த மாதிரி ஒரு இடத்தை நான் கேள்விப்பட்டதில்லை. ஐந்து மாடி, பத்தொன்பது கூடம். விமானத்தைக் கூரையில் தொங்க விட்டிருக்கிறார்கள், டாங்கியின் வயிற்றை அறுத்து உள்ளே நாலு பேர் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று காட்டியிருக்கிறார்கள், பதுங்கு குழியைச் சேறும் மூட்டையுமாக அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். வருகிறவனுக்கு எங்கே படி, எங்கே லிஃப்ட், எங்கே உட்காரலாம், எந்தக் கூடத்தில் சத்தம் அதிகம், எந்தக் கூடத்தில் குழந்தைகள் பயப்படும் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். நிற்க முடியாதவர்கள் கையில் எடுத்துக்கொண்டு போக மடக்கு முக்காலி தருகிறார்களாம். ஒரு விருந்தாளியை இவ்வளவு யோசித்து வரவேற்கிறவர்களை நான் நம் ஊரில் பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற வீட்டில்கூடப் பார்த்ததில்லை. வரைபடத்தை நம் தினசரிக் காலண்டரின் தாள்களுக்குப் பின்னால் மாடிக்கு ஒரு தாளாக வரைந்து வைத்திருக்கிறேன். ஆனால் என்னை ஒன்பது நாள் உட்கார வைத்தது டாங்கியும் விமானமும் இல்லை. இரண்டாவது மாடியில் பதினோராவது கூடம் முழுக்கச் சேனைகள் எப்படிச் சாப்பிட்டன என்பதற்காக ஒதுக்கியிருக்கிறார்கள். போர்ச் செய்தி எத்தனையோ படித்திருக்கிறேன், சுட்டவன் பெயர் இருக்கும், செத்தவன் பெயர் இருக்கும், ஐம்பதாயிரம் பேருக்கு அன்று காலையில் உலை வைத்தவன் பெயர் இருக்காது. அங்கே இருக்கிறது. ரொட்டி சுட்டவன், கஞ்சி காய்ச்சினவன் எல்லோருக்கும் படமும் பெயரும் போட்டு மாட்டியிருக்கிறார்கள். என் மனசில் அவர்கள் அப்போதே உயர்ந்துவிட்டார்கள்.

அந்தக் கூடத்தின் நடுவில் ஒரு வண்டி நிற்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் குதிரை இழுத்த அடுப்பு வண்டி. வண்டியின் மேலேயே கொப்பரை, கீழே அடுப்பு, புகை போக ஒரு குழாய். சேனை நடந்துகொண்டிருக்கும்போதே பின்னால் இந்த வண்டியும் சமைத்துக்கொண்டே போகும், அவர்கள் நிற்கிற இடத்தில் சாப்பாடு தயாராக இருக்கும். இதைவிடப் பெரிய விஷயம் சொல்கிறேன். அந்தக் கொப்பரைக்கு இரண்டு சுவர், நடுவில் கிளிசரின் ஊற்றியிருக்கிறார்கள், நெருப்பு நேராகப் பாத்திரத்தைத் தொடாது, அதனால் அடிப்பிடிக்காது. நாற்பத்தோரு வருஷம் அடிப்பிடிக்குமோ என்று பயந்து பயந்து துடுப்பு போட்டவனுக்குத்தான் அந்த வரியின் அருமை தெரியும். படித்துவிட்டு எழுந்து கூடத்தில் நாலு தடவை நடந்தேன். உன் அம்மா, “என்ன ஆச்சு, யாராவது போயிட்டாளா?” என்று கேட்டாள்.

ஆனால் ஒரு இடத்தில் தப்பு என்று எனக்குப் பட்டது. அந்தக் கொப்பரை இருநூறு பேருக்குச் சமைத்தது என்று எழுதியிருந்தார்கள். படத்தில் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிறான், அவன் இடுப்பை வைத்து வாய் அகலத்தையும் ஆழத்தையும் கணக்குப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே நாலு விரல் விட்டு எப்படித் தூக்கிப் பார்த்தாலும் நூற்று முப்பது இலைக்கு மேல் வராது. கண்ணால் பாத்திரத்தைப் பார்த்து இலைக்கணக்குச் சொல்லி நான் தப்பியது கிடையாது. ஆகவே ஒரு கடிதம் எழுதி, நான் யார், எங்கே எத்தனை வருஷம் சமைத்தேன், வாயில் துணி கட்டிக்கொண்டு ஒரு சொட்டும் ருசி பார்க்காமல் முகர்ந்தும் பார்க்காமல் கண்ணாலும் காதாலும் சமைக்கிற வழக்கத்தில் வளர்ந்தவன், ஆகையால் என் கணக்கை நம்பலாம் என்று விளக்கி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபால் ஆபீஸில் விலாசத்தைப் பார்த்துவிட்டு ஐயர் எந்த யுத்தத்துக்குப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. அந்தக் கூடத்துக்குப் பொறுப்பான அம்மாள் தன் கைப்பட எழுதியிருந்தார். அந்த வீரர்கள் சோறு சாப்பிடவில்லையாம், ரொட்டி வேறு வண்டியில் வருமாம், இந்தக் கொப்பரையில் ரசம் மாதிரி, ஆனால் அதைவிடக் கெட்டியான சாறு மட்டும்தானாம், ஆளுக்கு ஒரு பெரிய டம்ளர் அளவு. அப்படிப் பார்த்தால் இருநூறு சரி. உலகம் முழுக்க இலையில் அன்னம் போட்டுத்தான் சாப்பிடும் என்று நினைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். ஆனாலும் சோற்றுக்கு நூற்று முப்பதுதான், அதில் மாற்றமில்லை, அந்த அம்மாளும் அதை ஒப்புக்கொண்டிருக்கிறார். ஜூன் பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தால் கொப்பரையின் மூடியைத் திறந்து உட்புறத்தைக் காட்டுவதாக எழுதியிருக்கிறார். பொதுவாக யாருக்கும் திறப்பதில்லையாம்.

அந்தக் கடிதத்தின் கடைசியில் அவர் எழுதியிருந்த ஒரு விஷயத்துக்காகத்தான் நான் உனக்கு எழுதுகிறேன். நீங்கள் ருசி பார்ப்பதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள், ஆச்சரியமாக இருக்கிறது, இங்கே நேர் எதிர், ஒரு அதிகாரி முதலில் ஒரு கரண்டி சாப்பிட்டுப் பார்க்காமல் எந்தக் கொப்பரையிலிருந்தும் ஒரு வீரனுக்கும் போடக்கூடாது என்பது விதி, அப்படிச் சாப்பிட்டுப் பார்த்த கரண்டி ஒன்று வண்டிக்குப் பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது, நீங்கள் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். நான் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு துரைக்கண்ணுவைப் பார்க்கப் போனேன். துரைக்கண்ணுவை உனக்கு நினைவிருக்கும், மணவூர்க்காரர், பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்து, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற கல்யாண மண்டபத்தில் காவல் இருக்கிறார். நான் அங்கே சமைக்கப் போன காலத்திலிருந்து பழக்கம். இது உண்மையா, நம் நாட்டிலும் உண்டா என்று கேட்டேன். அவர் சிரித்தார். “இன்னா சாமி, இத்த போயி வெள்ளக்காரன் எழுதித்தான் தெரிஞ்சிக்கணுமா? சமையல்கட்ட எங்க யூனிட்ல லங்கர்ம்போம். ஆபீசரு வந்து ஒரு கரண்டி துன்னாதான் நாங்க தட்டயே நீட்ட முடியும். ஒரு தபா மலை மேல பருப்ப வாயில வெச்சவரு அப்டியே துப்பிட்டு அண்டாவோட கவுத்தாரு. எல்லாம் பிஸ்கோத்து துன்னுகினு படுத்தோம், அவர திட்டிகினு. அவருக்கு மூணு நாளு வயித்தால போச்சி. எங்க நூத்திப் பத்து பேருக்கு ஒண்ணும் ஆவல” என்றார்.

நான் அவரிடம் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. நாற்பத்தோரு வருஷத்தில் ருசி பார்க்காமலே என் கையில் ஒரு நாள் உப்பு கூடினது குறைந்தது என்று ஒருத்தர் சொன்னதில்லை என்றேன். அவர், “கோச்சிக்காதீங்க சாமி” என்று ஆரம்பித்து, பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடிக் கிருத்திகைக்கு அந்த மண்டபத்தில் காவடி எடுத்து நடந்து வந்தவர்களுக்கு நான் புளியோதரை போட்டதை ஞாபகப்படுத்தினார். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், நானூறு இலை. “அன்னிக்கு நானும் துன்னேன் சாமி. வாயில வெக்க முடியல. நீங்க உப்ப ஒரு தபா போட்டுட்டு அந்தாண்ட போனீங்க, உங்க ஆளு வேடியப்பன் வந்து அவன் பங்குக்கு ஒரு தபா போட்டுட்டான். நானூறு பேரும் ஒரு வார்த்த பேசல. பிரசாதம்னு கண்ணுல ஒத்திகினு, துன்னுட்டு, தண்ணிய குடிச்சிகினே மலை ஏறிட்டாங்க” என்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “யாரு சொல்வாங்க சாமி உங்ககிட்ட? நீங்க சமைக்கறத சாமி துன்னுது. உப்பு ஜாஸ்தின்னு அது என்னிக்காச்சும் வாயத் தொறந்துச்சா? எங்க ஆளுங்க சாமி இல்ல. துன்னுட்டு சண்டைக்குப் போவணும்.” அவ்வளவுதான் சொன்னார். பிறகு டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்று வந்துவிட்டேன். வேடியப்பன் போன வருஷம் காலமாகிவிட்டான், அவனைக் கேட்க முடியாது. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, துரைக்கண்ணு பொய் சொல்கிற ஆள் இல்லை. வெயிலில் அத்தனை தூரம் நடந்து வந்த நானூறு பேர், அவர்களில் குழந்தைகள் எத்தனை பேரோ.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். அரக்கோணத்தில் நீ கடற்படை விமான தளத்தில் சமையல்காரனாக இருந்தபோது, குடும்பத்தாரை அழைத்துக் காட்டுகிற நாளில் என்னையும் உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாய். வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றாய். அதுவரை எனக்கு உன் மேல் மனத்தாங்கல் இருந்தாலும் பேச்சு நின்றதில்லை. என்னைக் கேட்காமல் பரீட்சை எழுதிப் போய்ச் சேர்ந்தாய், பொறுத்தேன். மாமிசத்தைத் தொட வேண்டியிருக்கும் என்றாய், அதையும் நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். ஆனால் அன்றைக்குச் சாம்பார் அண்டாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாய், அதற்கப்புறம் உன் அதிகாரி வந்து இன்னொரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார், அப்புறம் அதையே எல்லோருக்கும் பரிமாறச் சொன்னாய். நான் அத்தனை பேர் நடுவில் நின்று, நாய் வாய் வைத்த சோற்றைப் போட்டு வயிறு வளர்க்கிறான் என் பிள்ளை என்று சொன்னேன். நீ பதிலுக்கு ஒன்றே ஒன்று சொன்னாய். “இது பசிச்சவாளுக்குப் போடறதுப்பா” என்றாய். நான் உன் அம்மாவை அங்கேயே விட்டுவிட்டு ரயிலேறி வந்துவிட்டேன். அவள் சாயங்காலம் நிதானமாக வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, “ரெண்டாம் தடவை கேட்டு வாங்கிண்டேன். உப்பு ஒரு கல்லு ஏறலை, ஒரு கல்லு குறையலை” என்று சொன்னாள். பதினோரு வருஷமாக இந்த வீட்டில் நான் எதைப் பற்றி வாயைத் திறந்தாலும் அவள் அந்த உப்பைச் சொல்லித்தான் முடிக்கிறாள்.

ருசி பார்ப்பது நாக்கு அடங்காதவன் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் அப்பா என்னை அப்படி வளர்த்தார், பத்து வயதில் பாயசத்தை விரலால் தொட்டு நக்கியதற்குக் கரண்டிக் காம்பால் அடி வாங்கியிருக்கிறேன், தழும்பு இருக்கிறது. முதலில் தான் சாப்பிட்டு, கெடுதல் இருந்தால் தன் வயிற்றோடு போகட்டும் என்றுதான் அங்கே ஒரு கரண்டி எடுக்கிறார்கள் என்பது எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை. நீயும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்ல நான் இடம் கொடுக்கவில்லை என்று உன் அம்மா சொல்வாள், சொல்லட்டும். அன்றைக்கு நான் சொன்ன வார்த்தையில் நாய் என்பதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மற்றதில் எனக்கு இன்னும் குறை உண்டு. என்னைக் கேட்காமல் போனது தப்புதான். உன் அக்கா வித்யாலக்ஷ்மியின் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு விடுமுறை கிடைத்தும் வராமல் இருந்தது தப்பு, நான் உன் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று பயந்து வரவில்லை என்று உன் அக்கா சொன்னாள், நான் பார்த்திருக்க மாட்டேன்தான், ஆனாலும் நீ வந்திருக்க வேண்டும். ஸ்வாமிக்குச் செய்வதை நான் இன்றைக்கும் ருசி பார்க்க மாட்டேன், யாரையும் பார்க்க விடவும் மாட்டேன், அது வேறு, இது வேறு. இரண்டையும் ஒரே அடுப்பில் வைத்தது என் பிசகு.

இனி பயண ஏற்பாட்டைக் கவனமாகப் படி. ஜூன் ஒன்பதாம் தேதி புறப்படுகிறோம், மீனம்பாக்கம் வரை உன் அக்கா வீட்டுக்காரர் அரக்கோணத்திலிருந்து வண்டி ஏற்பாடு செய்து கூட்டிக்கொண்டு போகிறார், ரயிலில் போய்க்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், உன் அம்மாவின் இரண்டு பெட்டியைப் பார்த்த பிறகு நானே விட்டுவிட்டேன். ஒரு பெட்டி முழுக்க வெந்தயக் குழம்புப் பொடியும் மோர்மிளகாயும்தான். வீட்டைப் பார்த்துக்கொள்ள உன் அக்கா வாரம் இரண்டு நாள் வந்து போவாள். இங்கே கத்திரி வெயில் ஆரம்பித்துவிட்டது, படிக்கட்டில் காலை ஏழு மணிக்கே கால் வைக்க முடியவில்லை, அதனால் இப்போது ஆறு மணிக்கு ஏறிவிடுகிறேன், அந்த மாடிகளுக்குப் பழக்கமாக இருக்கட்டும் என்று வழியில் உட்காராமல் ஏறுகிறேன். அருங்காட்சியகத்துக்கு அரை நாள் கிடையாது, இரண்டு நாள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவு திறக்கும்போது நாம் வாசலில் நிற்க வேண்டும். நுழைவு இலவசம் என்றாலும் நேரம் குறித்துப் பதிவு செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள், செய்துவிட்டாயா? முதலில் கீழ்த்தளம் ஒரு சுற்று, பதினோரு மணிக்குப் பதினோராவது கூடம், அந்த அம்மாளைப் பார்க்கிறோம். நாற்காலி வேண்டாம், முக்காலி ஒன்று எடுத்துக்கொள்ளலாம், எனக்காக அல்ல, நீ பகலெல்லாம் ஆஸ்பத்திரிச் சமையலறையில் நிற்கிறவன், உனக்கு. பெரிய பையை உள்ளே விட மாட்டார்கள், என் மஞ்சள் பையை விடுவார்களா என்று கேட்டு வை.

வெள்ளிக்கிழமை மூன்றாவது மாடி, கப்பல் கூடம். அங்கே ஒரு போர்க்கப்பலின் சமையலறையைப் பெயர்த்துக்கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள். அடுப்பைச் சுற்றிக் கம்பி அடித்திருக்கிறது, கப்பல் ஆடும்போது பாத்திரம் சரியாமல் இருக்க என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டே வரி. எனக்கு அது போதாது. அலையில் கப்பல் சாய்கிறபோது உலை எந்தப் பக்கம் பொங்கும், கஞ்சியை எப்படி வடிப்பாய், கரண்டியை எந்தக் கையில் பிடித்துக்கொண்டு எந்தக் கையால் உன்னைப் பிடித்துக்கொள்வாய், முந்நூறு பேர் தட்டோடு நிற்கும்போது ஒரு அண்டா கவிழ்ந்தால் என்ன செய்வாய், இதெல்லாம் அந்த அம்மாளுக்குத் தெரியாது. கடற்படையில் பதினைந்து வருஷம் இருந்து, கப்பலிலும் சமைத்தவன் நீ. அந்தக் கம்பிக்கு முன்னால் நின்று நீ எனக்குச் சொல்ல வேண்டும், நான் முக்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். நான் ஆடாத தரையில், நகராத அடுப்பில் சமைத்துவிட்டுப் பெருமை பேசினவன். ஷ்யாமையும் அன்றைக்குக் கூட்டிக்கொண்டு வா, அவன் அப்பா செய்த வேலை அவனுக்குத் தெரிய வேண்டாமா. டாங்கி பார்த்தேன் என்று பாட்டியிடம் சொன்னானாம், டாங்கி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சாப்பாட்டு விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. உன் அம்மா தான் வந்து சமைத்துப் போடுவதாகவும், அவர் வேறு யார் கையிலும் சாப்பிட மாட்டார் என்றும் உன்னிடம் சொல்லியிருக்கிறாள், எனக்குக் கேட்டது. வியாழக்கிழமை நாம் காலை ஏழரைக்கே ரயிலேற வேண்டும், முழங்காலை வைத்துக்கொண்டு அவளை விடியற்காலையில் அடுப்படியில் நிற்க வைக்க எனக்கு இஷ்டமில்லை, அவள் அன்றைக்கு ஸ்ரீவர்ஷினியோடு வீட்டில் இருக்கட்டும். அருங்காட்சியகத்துச் சிற்றுண்டிச் சாலையில் நான் சாப்பிட மாட்டேன், அவர்கள் மேல் எத்தனை மதிப்பு இருந்தாலும் மாட்டேன். வெளியிலிருந்து கொண்டு வருகிற கட்டுச்சோற்றைச் சாப்பிடக் கீழ்த்தளத்தில் மேஜை போட்டு ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், படித்துவிட்டேன். அந்தக் கட்டுச்சோற்றை நீ செய். புளியோதரை போதும். நான் குளித்துவிட்டு வந்து சமையலறை வாசலில் நிற்கிறேன், உள்ளே வர மாட்டேன், கையையும் நீட்ட மாட்டேன். உப்புப் போட்டுக் கலந்து முடித்ததும் ஒரு கரண்டி எடுத்து என் கண் முன்னால் ருசி பார். மறைவாகப் பார்க்காதே. சரியாக இருந்தால் பொட்டலம் கட்டு, இல்லையென்றால் கவிழ்த்துவிட்டு வேறு செய், நான் காத்திருக்கிறேன். நீ வாயில் வைத்த பிறகுதான் எனக்குப் போட வேண்டும்.

நீயும் ஸ்ரீவர்ஷினியும் குழந்தையும் தீர்க்காயுசாக, பசிக்கிற வேளைக்குச் சோறும் சோற்றுக்கேற்ற பசியுமாக இருக்க வேண்டும் என்று தணிகை மலையானை வேண்டிக்கொள்கிறேன். ஷ்யாமுக்குக் குளிர்ந்த பாலைக் கொடுக்காதே. போனைக் காதில் வைத்துக்கொண்டு ரோடு தாண்டாதே. அந்த அம்மாளுக்கு ஜூன் பன்னிரண்டு பதினோரு மணிக்கு இரண்டு பேர் வருகிறோம், இரண்டு பேருமே சமையல்காரர்கள் என்று நீயே ஒரு வரி எழுதித் தெரிவித்துவிடு. கட்டுச்சோற்று விஷயத்தை உன் அம்மாவிடம் நான் வந்து சேருகிற வரைக்கும் சொல்லாதே, விமானம் முழுக்க அந்த உப்பைப் பற்றியே பேசிக்கொண்டு வருவாள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஸ்ரீகண்டன்.